கொடுத்த ரொக்கம்

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. பால் வண்டி ஐந்தே காலுக்கு வந்தது. நான்கு பாக்கெட் ஒழுகல். "மழைத் தண்ணி அஜ்ஜா" என்றான் டிரைவர். தார்வாடில் மழை வெள்ளையாகப் பெய்ய ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன். முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தான்.

கடைக் கூரையில் மூன்றாவது இடத்திலும் ஒழுக்கு, சரியாகப் பொரி மூட்டைக்கு மேல். வாளி வைத்திருக்கிறேன். கூரைக்கென்று சேர்த்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆகிவிட்டது. மழை நின்றதும் ஓட்டைப் பிரித்துத் தகடு போட்டுவிட வேண்டும். "போன வருஷமும் மழை நின்னதும்னுதான் சொன்னீங்க" என்றாள் நீலவ்வா. நாற்பத்தாறு வருஷமாக நான் சொல்வதை எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

ரொக்கம் கொடுத்தது: மெஹபூபி, மூவாயிரம், மகள் படிப்புக்கு அக்காவிடம் சேர்த்துவைக்க. பாட்டீல் மாஸ்டர், ஆயிரம், மருந்துக்காம் (பொய், சீட்டாட்டம்). பச்சை வீட்டு மாடியில் தங்கிப் படிக்கும் பீதர்க்காரன், ஐந்நூறு, ஊருக்குப் போக.

ஜூலை 14, திங்கள்

பதிவுத் தபால். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். பொரி மடிக்க வாங்கிய பழைய செய்தித்தாள்களில்தான் ஆங்கிலம் கற்றேன். மடிப்பதற்கு முன் படித்துவிடுவேன். அதனால் இதையும் யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். இரண்டு முறை.

2022 ஏப்ரலிலிருந்து அடுத்த மார்ச் வரை என் வங்கிக் கணக்கில் போன் வழியாக வந்த பணம் ஐம்பத்தெட்டு லட்சமாம். வருஷத்துக்கு நாற்பது லட்சத்தைத் தாண்டி வியாபாரம் செய்பவன் பதிவு செய்து ஜிஎஸ்டி கட்ட வேண்டுமாம். நான் செய்யவில்லையாம். வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து எண்பதாயிரம். ஏன் கட்டக்கூடாது என்று காரணம் சொல்ல வேண்டுமாம்.

ஆறு லட்சத்து எண்பதாயிரம். கடையை விற்றால் வரும்.

நீலவ்வாவிடம் மின்சார வாரியக் கடிதம் என்று சொன்னேன். "மின்சார வாரியம் எப்போ இங்கிலீஷ்ல எழுத ஆரம்பிச்சது?" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

மஹாந்தேஷுக்கு அவள் சொல்லிவிட்டிருக்கிறாள். பூனாவிலிருந்து போன்.

"அப்பா, நான் அனுப்பறேன். கட்டிட்டு நிம்மதியா இருங்க."

"எதுக்குக் கட்டணும்? திருடினேனா?"

"திருடினீங்கன்னு யார் சொன்னா? கவர்ன்மென்ட் கேக்குது."

"கேட்டா கொடுத்துடறதா? நாளைக்கு உன்னைக் கேட்டா உன்னையும் கொடுக்கணுமா?"

"உங்ககிட்ட பேச முடியாதுப்பா" என்று வைத்துவிட்டான். பேச முடிகிறவர்களோடு அங்கே பேசிக்கொள்ளட்டும்.

இதை எழுதியே வைக்கிறேன். நான் கட்ட வேண்டாத பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட மாட்டேன். பிறந்ததிலிருந்து வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சோப்புக்கு, செருப்புக்கு, நீலவ்வாவின் முட்டிவலி மாத்திரைக்கு. பஸ் நிலையத்தில் பிச்சை எடுப்பவன் பிஸ்கட் வாங்கினாலும் அதற்குள் வரி இருக்கிறது. பங்களாக்காரன் கட்டுகிற அதே வரி. அதை எல்லாம் யார் எனக்குக் கடிதம் போட்டுக் கணக்குச் சொன்னார்கள்?

ஜூலை 16, புதன்

ஸ்கேன் அட்டையைச் சுரண்டி எடுத்தேன். பணம் வந்தால் கத்துகிற பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினேன். 'ரொக்கம் மட்டும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். தெரு முழுக்க இதேதான். மூன்று கடைக்காரர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வராதவர்களுக்கு அதைவிடப் பயம்.

போட்டிப் பரீட்சைக்கு அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள், காலையில் பால் வாங்க வந்தவர்கள், ஒவ்வொருவராகப் போனை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு பெண் கேட்டாள். "அஜ்ஜா, ரொக்கம் வேணும்னா உங்ககிட்டதானே ஸ்கேன் பண்ணி வாங்குவோம். இப்போ ரொக்கத்துக்கு எங்கே போறது?"

கடை சாத்தும்போது இருபத்தேழு லிட்டர் மிச்சம். நீலவ்வா தயிருக்கு உறை ஊற்றினாள்.

ஜூலை 17, வியாழன்

வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பத்மண்ணாவிடம் போனேன். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐம்பத்தெட்டு லட்சத்துக்கா? ஏன் சாவ்கார், தார்வாடே பொரி தின்னுதான் உயிர் வாழுதா?"

"அதான் சொல்றேன். அது என் வியாபாரம் இல்ல."

என் பக்கத்தைச் சொன்னேன். எங்கள் தெருவில் ஏடிஎம் ஒன்றுதான், அதிலும் பணம் இருக்காது. வீட்டுக்காரிகள் வாடகையை ரொக்கமாகத்தான் வாங்குவார்கள். ஆட்டோக்காரர்கள், மெஸ்காரம்மா எல்லாரும் ரொக்கம்தான். அதனால் யாருக்கு ரொக்கம் வேண்டுமோ அவர்கள் என் அட்டையில் ஸ்கேன் செய்வார்கள். நான் அதே தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். ஒரு பைசா கமிஷன் வாங்கியதில்லை. அது விற்பனையா?

"இல்லைதான். ஆனா நிரூபிக்கணும்."

"யார் நிரூபிக்கணும்?"

"வேற யாரு? நீங்கதான்."

"என்கிட்ட நோட்டு இருக்கு. நாள், பேரு, தொகை. 1979-லிருந்து ஒரு நாள் விடாம எழுதறேன்."

பத்மண்ணா கண்ணாடியைக் கழற்றினார். "சாவ்கார், நான் சொல்றதைக் கேளுங்க. அந்த நோட்டை எடுத்துட்டுப் போகாதீங்க. எடுத்துட்டுப் போனா ஒரு கேள்வி வரும்…"

"வரட்டும். ஒளிக்க என்ன இருக்கு எனக்கு?"

"அதைச் சொல்லல. கேள்வி என்னன்னா…"

எழுந்து வந்துவிட்டேன். உண்மையை எடுத்துப் போகாதே என்கிறவனிடம் எனக்கென்ன பேச்சு?

ஜூலை 18, வெள்ளி

ஜிஎஸ்டி சட்டப் புத்தகம் வாங்கினேன். ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய். புத்தகத்துக்கு வரி இல்லை என்று கடைக்காரன் பெருமையாகச் சொன்னான்.

ஜூலை 21, திங்கள்

கணக்கைத் தெளிவாகப் போட்டேன். வந்தது ஐம்பத்தெட்டு லட்சம். அந்த வருஷ நோட்டைக் கூட்டிப் பார்த்தால் ரொக்கமாகக் கொடுத்தது பதினாறு லட்சம். அதைக் கழி. பால் இருபத்திரண்டு லட்சம். பாலுக்கு வரியே இல்லை, லிட்டருக்கு எனக்கு நிற்பது இரண்டு ரூபாய், அதையும் கழி. மிச்சம் இருபது லட்சம்.

இருபது! நாற்பதில் பாதி. இதற்காகவா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்?

ஜூலை 23, புதன்

வரிக் கடிதங்களை எதிர்த்து வியாபாரிகள் சங்கம் இரண்டு நாள் பால் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. கறுப்பு பேட்ஜ் குத்தச் சொன்னார்கள். குத்திக்கொண்டேன். பாலையும் விற்றேன்.

சங்கத்து ஆள் நான்கு பேர் வந்தார்கள். "ருத்ரப்பா, நீ எந்தக் கட்சி?"

"பால் குடிக்கற குழந்தை எந்தக் கட்சியோ அந்தக் கட்சி."

"எல்லாருக்கும் சேத்துதான் போராடறோம். உனக்குத்தான் நோட்டீஸே வந்திருக்கு!"

"வந்தது எனக்குத்தானே? பாப்பம்மா வீட்டுக் கைக்குழந்தைக்கா வந்தது?"

ஒருவன் பால் தட்டை உதைத்தான். பத்துப் பாக்கெட் மண்ணோடு போயிற்று. நான் எழுந்து நின்றதும் போய்விட்டார்கள். எழுபத்தொரு வயசுக்காரனை அடிக்கத் தைரியம் வரவில்லை. நீலவ்வா ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவள் ஒன்றும் சொல்லாத நாட்களில் எனக்குப் பயமாக இருக்கும்.

ஜூலை 26, சனி

நான் நோட்டை ஆபீசில் காட்டப் போகிறேன் என்று செய்தி பரவிவிட்டது. சொன்னது நான்தான். நாலு பேருக்கு நடுவில், உரக்க.

முதலில் பாட்டீல் மாஸ்டர். முப்பது வருஷமாகத் தினமும் இந்தக் கடை பெஞ்சில் செய்தித்தாள் படிக்கிறவர். இன்று உட்காரவில்லை.

"என்னைப் பத்தி என்ன எழுதிருக்கே?"

"பேரு, தொகை."

"அவ்வளவுதானா?"

நான் பொய் சொல்வதில்லை. "எதுக்குன்னும் எழுதிருக்கேன்."

"எதுக்குன்னு?"

"மருந்துக்குன்னு. பக்கத்துல, பொய்னு."

முகம் கறுத்துவிட்டது. பெஞ்சில் வைத்திருந்த அவருடைய பழைய குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் குடை ஆறு மாசமாக இங்கேதான் கிடந்தது.

சாயங்காலம் மெஹபூபி. ஜாக்கெட் தைக்கிறவள். சவூதியில் தம்மாமில் இருக்கும் மகன் அவள் போனுக்குத்தான் பணம் அனுப்புவான். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான். தன் அக்கா மகனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று நிற்கிறான். பெண் நர்சிங் படிக்க வேண்டும் என்று இவள் நிற்கிறாள். அவனுக்குத் தெரியாமல் மாசாமாசம் என்னிடம் ரொக்கமாக்கித் தன் அக்காவிடம் சேர்க்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஏன் தெரியும்?

"சாச்சா, என் பேருக்குப் பக்கத்துல என்ன எழுதிருக்கீங்க? படிங்க."

படித்தேன். 'மகள் படிப்புக்கு, புருஷனுக்குத் தெரியாது.'

"இதை ஆபீஸ்ல வெப்பீங்களா? நாலு கை மாறும். ஒரு கை எங்க தெருக்காரனோடதா இருக்கும்."

"அதிகாரி பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவாங்க மெஹபூபி. எனக்கு வேற வழி இல்ல."

"ஒண்ணு கேக்கறேன். முதல் தடவை நான் எதுக்குன்னு சொல்லாம நின்னேன். ஞாபகம் இருக்கா? காரணம் தெரியாம காசு இல்லேன்னீங்க. சொல்லாம இருந்திருந்தா கொடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"கமிஷன் வாங்கறதில்லேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே சாச்சா. என்கிட்ட வாங்கிட்டுதானே கொடுத்தீங்க."

போய்விட்டாள். 

அது என் விதி. எதற்கு என்று கேட்காமல் கொடுக்க மாட்டேன். குடிக்கவும் சூதாடவும் என் கையால் போகக்கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் பாட்டீல் சூதாடினார், நானும் கொடுத்தேன். அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு? கேட்பதற்காகக் கேட்டேனா? ரொக்கம் இல்லாமல் நிற்கிறவன் முன்னால் உட்கார்ந்து கேட்பது — நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

நாகபஞ்சமி. எள் உருண்டை, பொரி உருண்டை, கடலை உருண்டை எல்லாம் காலையிலேயே காலி. வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டிப் பெண்கள் ஆடினார்கள். நீலவ்வாவும் முட்டிவலியோடு ஏறி இரண்டு வீச்சு ஆடிவிட்டு வந்து, "கடை போனா ஊஞ்சல் கட்டி வாடகைக்கு விடலாம்" என்றாள்.

முடிவு செய்தேன். நோட்டைக் காட்டப் போவதில்லை. புதுத் தாளில் நாள், பேர், தொகை மட்டும் எடுத்து எழுதுவேன். எதற்கு என்பது வராது. ஒவ்வொருவருக்கும் தனித் தாள். அதில் அவரவர் கையெழுத்து.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதுகிறேன். அந்த வருஷம் கொடுத்தது மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. இன்று வரை எண்ணூற்று நாற்பது. விரல் மரத்துவிட்டது.

எடுத்து எழுதும்போது விட்டுவிடுகிற வரிகளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. 'அம்மாவுக்குப் புடவை, முதல் சம்பளம்.' 'பரீட்சையில் தோற்றதை வீட்டில் சொல்லவில்லை, அறை வாடகை.' 'டாக்டர், என்ன வியாதி என்று சொல்லவில்லை, கேட்டும்.' கேட்டும்! அழுத்திக் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கையெழுத்து வாங்கத் தெருத்தெருவாகப் போகிறேன். பன்னிரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கும் கௌரவ்வா கதவைப் பாதிதான் திறந்தாள். "எனக்கும் நோட்டீஸ் வரணுமா? போப்பா." பீதர்க்காரன் ஊரிலிருந்தே கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினான். மெஸ்காரம்மா பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாலு வருஷமா உங்க கடைப் பொரிதான் எங்க பசங்களுக்குச் சாயங்கால டிபன்" என்றாள்.

பாட்டீல் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உள்ளே இருமும் சத்தம் கேட்டது. வீட்டில் இல்லை என்று மருமகள் சொன்னாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மெஹபூபி வீட்டுக்கு நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அவளே வந்தாள். தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். காரணம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. உருதுவில் கையெழுத்துப் போட்டாள்.

"உன் வீட்டுக்காரன் பார்த்தா?"

"பாத்தா பாக்கட்டும். எதுக்குன்னு எழுதலைல்ல. ஜாக்கெட் துணின்னு சொல்லிக்கறேன்." தாளை நீட்டிக்கொண்டே, "கடை போயிடுச்சுன்னா நாங்க யாருகிட்ட மாத்துறது?" என்றாள்.

ஆகஸ்ட் 27, புதன்

கணபதி. பந்தலுக்கு இருநூற்றைம்பத்தொன்று கொடுத்து ரசீது கேட்டேன். சிரித்தார்கள். நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

வரி ஆபீஸ். தனியாகப் போனேன். பையில் சட்டப் புத்தகம், கையெழுத்துத் தாள்கள், பால் பண்ணையின் பில் கட்டு.

அதிகாரி முப்பது வயசுப் பெண். "உக்காருங்க அஜ்ஜா" என்றாள். என் பேச்சு முழுவதையும் கேட்டாள். தாள்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்று புன்னகைத்தாள். "நானும் உங்க கடை இருக்கற சப்தாபூர்லயே ரூம் எடுத்துப் படிச்சவதான். அந்த ஏடிஎம்ல என்னைக்குப் பணம் இருந்தது? நீங்க சொல்றது உண்மை. நம்பறேன்."

அந்தச் சொல்லுக்காக இரண்டு மாசம் காத்திருந்தேன். 

"அப்போ பதினாறு லட்சத்தைக் கழிச்சுடுவீங்க."

"ஒரு கேள்வி அஜ்ஜா. கொடுத்த ரொக்கம் எங்கிருந்து வந்தது?"

"கல்லாவிலிருந்து."

"பேங்க்ல எடுத்து வெச்சிருந்தீங்களா?"

"பேங்க் வரிசையில நிக்க எனக்கெங்க நேரம்? கல்லாவில இருந்ததுதான்."

"கல்லாவுக்கு எப்படி வந்தது?"

மனசுக்குள் நானே கூட்டிப் பார்த்தேன்.

ரொக்கம் கொடுத்துப் பொருள் வாங்கியவர்கள் போட்டது. பாலுக்கு, முட்டைக்கு, பொரிக்கு. வேறு எப்படி வரும்? போனில் வந்ததில் பதினாறு லட்சம் விற்பனை இல்லைதான். ஆனால் பதினாறு லட்சம் ரொக்கம் எடுத்துக் கொடுத்தேன் என்றால், பதினாறு லட்சத்துக்கு ரொக்கத்தில் விற்றிருக்கிறேன். கழித்ததெல்லாம் அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்தெட்டு.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரி நானே கையால் எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, எனக்கு எதிராக நானே சாட்சி கொண்டுபோயிருக்கிறேன்.

அவள் கெட்டவள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பாலுக்கு வரி இல்லை, ஆனால் நாற்பது லட்சம் தாண்டியதா என்று பார்க்கும்போது பாலும் சேரும். தாண்டிவிட்டது. வரி மட்டும் பாலுக்கும் முட்டைக்கும் பிரட்டுக்கும் பொரிக்கும் வராது. பில் இருப்பதால் அதை ஒதுக்கிவிடலாம். பிஸ்கட், சோப்பு, பாக்கெட் மிக்சர் மாதிரி பதினைந்து லட்சத்துக்குத்தான் வரி. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம்.

"அந்த பிஸ்கட்டை நான் வாங்கும்போதே வரி கட்டித்தானே வாங்கினேன்?"

"பதிவு பண்ணிருந்தா அதைக் கழிச்சிருக்கலாம். பண்ணலையே அஜ்ஜா."

"ஒரே பிஸ்கட்டுக்கு ரெண்டு வரியா?"

அவள் மேசை மேல் பார்த்தாள். சொல்ல ஒன்றும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதை எழுதி வைக்கிறேன்: சொல்ல ஒன்றும் இல்லை.

வரும்போது தாள்களைத் திருப்பிக் கேட்டேன். "ஃபைல்ல வெக்கணுமே" என்றாள். அதை வைத்து நீங்கள் எதையும் கழிக்கவில்லை, பிறகு அது எதற்கு உங்களுக்கு என்றேன். அசையாமல் நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

கடை திறக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

பத்மண்ணாவே வந்தார். "அந்தக் கேள்வியைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க காதுல வாங்கினாதானே?"

"நோட்டை மறைச்சிருந்தா?"

"நோட்டு, ரொக்கம்னு எதுவுமே பேசாம, பால் பில்லை மட்டும் காட்டிருப்பேன். இதே தொகைக்குத்தான் வந்திருக்கும். ஒரு கையெழுத்து வாங்கிருக்க வேண்டாம்."

இதே தொகை. ஒரு மாசம் விரல் மரத்தது, மெஹபூபி பயந்தது, பாட்டீல் குடையை எடுத்துக்கொண்டு போனது — ஒன்றுக்கும் ஆகவில்லை.

"அப்பீல் போலாம். இல்லேன்னா இனிமேலாவது பாலை உங்க வீட்டம்மா பேர்ல மாத்திடுங்க. ஒரே சுவர், ரெண்டு கடை. ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான்."

நீலவ்வா உள்ளே இருந்து கத்தினாள். "என் பேர்ல இதுவரைக்கும் ஒரு டம்ளர்கூட வாங்கினது இல்ல. இப்போ வழக்கு மட்டும் வாங்கித் தர்றீங்களா?"

செப்டம்பர் 9, செவ்வாய்

சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. வரி இல்லாத பொருளும் சேரும் என்று அச்சில் இருக்கிறது. பக்கத்தில் என் பென்சில் கோடு. ஜூலையிலேயே படித்திருக்கிறேன், பிடிக்காததால் மேலே போயிருக்கிறேன்.

ஐம்பத்தெட்டு லட்சம் வியாபாரம் செய்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. சின்னக் கடை, சின்னக் கடை என்று ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தெட்டு லட்சம் என் கல்லா வழியாகப் போயிருக்கிறது, நின்றது என்னவோ நான்கு லட்சத்துக்குள்தான். போனதைப் பார்த்து வரி கேட்கிறார்கள். நின்றதைப் பார்த்து நான் சின்னவன் என்று நினைத்தேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

காயகம் செய், அதாவது உழைப்பையே பூஜையாகச் செய், விளைந்ததில் பங்கைப் பொதுவில் வை என்று எங்கள் மடத்தில் சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொடுத்தார்கள். வைக்க மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. பங்கு வைக்கிறவனைத் திருடனைக் கூப்பிடுவதுபோல் பதிவுத் தபாலில் கூப்பிடுவதுதான் பொறுக்கவில்லை.

கட்ட வேண்டாத பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட மாட்டேன் என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியமே என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

கட்டினேன். கூரைப் பணம் போயிற்று. மிச்சம் பதினாறாயிரம். மஹாந்தேஷ் அனுப்பியதைத் திருப்பி அனுப்பினேன். "பிடிவாதம்" என்றான். ஆமாம்.

பதிவும் செய்தேன். பத்மண்ணாவை வைத்துத்தான். மற்ற வருஷங்களுக்கும் கடிதம் வரலாம் என்கிறார். வரட்டும், பில் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிதி மந்திரிக்கு நான்கு பக்கம் எழுதினேன். பாலில் இரண்டு ரூபாய் பார்க்கிறவனுக்கு முழு விலையையும் கணக்கில் சேர்ப்பது பற்றி. ஒரே பிஸ்கட்டுக்கு இரண்டு முறை வரி கட்டியது பற்றி. பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன். அவர்களும் ஒரு ராத்திரி தூங்காமல் கிடக்கட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து பாக்கெட் மிக்சருக்கு வரி பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்துவிட்டதாம். நான் கட்டியது பன்னிரண்டில். நீலவ்வா விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து நானும்.

செப்டம்பர் 25, வியாழன்

தாள்களை அவரவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெஸ்காரம்மா அடுப்பில் போட்டாள். மெஹபூபி நான்காக மடித்துத் தையல் இயந்திர இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும் சாச்சா. எவ்வளவு சேத்திருக்கேன்னு எனக்கே இதைப் பாத்துதான் தெரிஞ்சது."

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. சாயங்காலம் எல்லாரும் வன்னி இலை கொடுத்துக்கொண்டார்கள். பொன்னுக்குப் பதில் இலை. இந்தப் பொன்னுக்கு வரி இல்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

ஏழு மணிக்குப் பாட்டீல் மாஸ்டர். வாசலில் நின்று இலையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் இலையைக் கொடுத்தேன். அவர் காலைத் தொட்டேன், என்னைவிட நான்கு வயது மூத்தவர்.  போகும்போது குடையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

வாளியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த ஆனிக்கு மறுபடி வேண்டும்.

வரிப் பதிவு எண் எழுதிய பலகை வந்துவிட்டது. வாசலில் மாட்டினேன், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதன் கீழே ஸ்கேன் அட்டை, பொருள் வாங்குகிறவர்களுக்கு. கல்லாவுக்கு உள்பக்கம் இன்னொரு அட்டை, நீலவ்வா பேரில் புதிதாகத் திறந்த சேமிப்புக் கணக்கு, ரொக்கம் வேண்டுகிறவர்களுக்கு மட்டும். அதற்கான ரொக்கத்தை அதே கணக்கிலிருந்து திங்கட்கிழமை தோறும் வங்கியில் வரிசையில் நின்று நானே எடுத்து வருகிறேன். ரொக்கம் எங்கிருந்து வந்தது என்ற அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

ரொக்கம் கொடுத்தது: பாட்டீல் மாஸ்டர், ஐந்நூறு. மெஸ்காரம்மா, இரண்டாயிரம். மெஹபூபி, நான்காயிரம். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகும் பழக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் பொரி அளக்கத் திரும்பினேன். அவளாகவே ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதை இங்கே எழுதவில்லை.